தோற்பதற்காக ஏலம் கேட்டவர்

03.06.2024 — ரூ. 4,80,000
18.06.2024 — ரூ. 48,000
26.06.2024 — ரூ. 7,20,000
10.07.2024 — ரூ. 6,72,000
10.07.2024 — ரூ. 36,000
21.10.2024 — ரூ. 31,400

முதல் தேதியில் எங்கள் ஊர்க் கண்மாயில் நிற்கும் சீமைக்கருவேல மரங்களை வெட்டி எடுக்கும் உரிமைக்கு ஆன்லைன் ஏல அறிவிப்பு வந்தது. எதிரே இருப்பது குறைந்தபட்ச விலை. இரண்டாவது, ஏலத்தில் கலந்துகொள்வதற்காக உக்கிரபாண்டியின் பெயரில் கட்டிய முன்பணம். மூன்றாவது தேதியில் அவர் அந்த ஏலத்தை எடுத்துவிட்டார். எடுத்திருக்கக் கூடாது. மற்றவை அதனால் வந்தவை.

உக்கிரபாண்டிக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. உத்தரகோசமங்கைக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரில் அவருக்கு ஒரு ஏக்கர் மிளகாய்ப் புஞ்சை உண்டு. அதைத் தவிர வேறு சொத்து இல்லை. மனைவி சோணையம்மாள். மகள் ஈஸ்வரியை உச்சிப்புளியில் கட்டிக்கொடுத்திருக்கிறார். மனிதர் பயந்த சுபாவம். பேருந்தில் சீட்டு வாங்கியிருந்தாலும் பரிசோதகர் ஏறினால் எழுந்து நின்றுவிடுவார். அரசு அலுவலகத்துக்குள் செருப்போடு நுழைந்ததே இல்லை. ஆனால் குரல் மட்டும் பெரிய குரல். அந்தக் குரலுக்காகத்தான் ஊர் அவரை முப்பது ஆண்டுகளாக ஒரு வேலைக்கு வைத்திருந்தது.

வேலை இதுதான். கண்மாய் மீனோ கருவேல மரமோ ஏலத்துக்கு வந்தால், யார் எடுப்பது என்று அய்யனார் கோயில் முன் ஊர் கூடி முன்கூட்டியே பேசி முடித்துவிடும். எடுப்பவர் கோயிலுக்கு இவ்வளவு என்று தர வேண்டும். மற்றவர்கள் ஏலத்தில் வாய் திறக்கக் கூடாது. ஆனால் ஒரே ஆள் கேட்டால் அதிகாரி ஏலத்தை ஒத்திவைத்துவிடுவார். ஆகவே ஒப்புக்கு இன்னொருவர் வேண்டும். கேட்க வேண்டும், தோற்க வேண்டும். அவர்தான் உக்கிரபாண்டி. இது சட்டத்துக்கு ஒவ்வாதது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அவர் அதை நேர்த்தியாகச் செய்வார். ஏலத்தன்று காலையில், அதிகாரி டீ குடிக்கும் கடையில் அவர் காதில் விழும்படி, "இந்தத் தடவ எம்புட்டு வந்தாலும் விடப்போறதில்ல, பாத்துக்க" என்பார். கரையில் ஏலம் தொடங்கியதும் முதல் தொகையை அவர்தான் கேட்பார். எதிராளி ஏற்றுவார், இவரும் ஏற்றுவார். மூன்றாவது சுற்றில் துண்டை உதறித் தோளில் போட்டு, "போங்கப்பா, ஒங்க வெறகும் நீங்களும்!" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார். ஒருதரம், இரண்டுதரம், மூன்றுதரம். அவருக்குக் கூலி ஒரு வேட்டி துண்டும், திருவிழாவில் வெட்டும் கிடாயின் ஒரு தொடையும். இந்த முப்பது ஆண்டுகளில் அவர் ஒரு ஏலத்தையும் எடுத்ததில்லை.

2024-இல் கரையில் நடக்கும் ஏலம் நின்றுபோனது. எல்லாம் இணையத்தில் என்று அறிவிப்பு வந்தது. இந்த முறை எடுக்க ஊர் முடிவு செய்திருந்த ஆள் பாண்டித்துரை. நிலபுலன், டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம் என்று வசதியானவர். உக்கிரபாண்டிக்கு மருமகன் முறை. ஊர்ப் பொதுக்கணக்கு எழுதுகிறவன் என்பதால் நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். பழைய ஏற்பாட்டையே வைத்துக்கொள்வது என்று தீர்மானம் ஆனது. உக்கிரபாண்டிக்கான முன்பணத்தையும் பாண்டித்துரையே கொடுத்தார்.

"மாமா, நீங்க ஒரே ஒருவாட்டி கேட்டாப் போதும். பொறகு நான் பாத்துக்கிறேன்."

"கம்ப்யூட்டர்ல எப்புடி மாப்ள துண்ட ஒதறுறது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

உத்தரகோசமங்கையில் நெய்னா முகம்மது என்பவர் இ-சேவை மையம் நடத்துகிறார். உக்கிரபாண்டி அங்கே போய் ஆதார், பான் அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் கொடுத்துப் பதிவு செய்துகொண்டார். ஏலத்துக்கு முதல் நாள் நெய்னா அவரைக் கூப்பிட்டு விளக்கியிருக்கிறார். ஏல நேரம் முழுக்கத் திரைமுன் உட்கார்ந்து ஒவ்வொரு தடவையும் தாமே தொகையைப் போடலாம். இல்லையென்றால் உச்சவரம்பு ஒன்றைக் குறித்து விட்டுவிடலாம். எதிராளி கேட்கும்போதெல்லாம் அதைவிட ஒரு படி கூட்டி, கணினியே நம் பெயரில் கேட்டுக்கொண்டிருக்கும். வரம்பு வந்ததும் நின்றுவிடும். ஒரு படி என்பது ஆறாயிரம் ரூபாய்.

உக்கிரபாண்டிக்கு இதில் பாதிதான் புரிந்தது. நாளைக்கு வந்து உட்கார வேண்டியதில்லை என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. அப்போது நெய்னா கேட்டிருக்கிறார்: "அப்ப உச்சத்துக்கு எம்புட்டுண்ணே போடட்டும்? எதுவரைக்கும் போவீக?"

கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். ஏலத்துக்கு முன் வெளியாள் யாராவது "எதுவரைக்கும் போவீக" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்கு ஊறிப்போன பாடம். ஒப்புக்குக் கேட்பவன் ஒப்புக்குக் கேட்பவன் மாதிரித் தெரியக் கூடாது. துண்டைச் சரிசெய்துகொண்டு, தம் பெரிய குரலில், "ஒம்பது லட்சம் வந்தாலும் விட மாட்டேன் தம்பி" என்றார்.

நெய்னா ஒன்பது லட்சம் என்று அடித்தார். உக்கிரபாண்டியின் கைப்பேசிக்கு ஒரு எண் வந்தது. அதையும் வாங்கி அடித்தார். வேலை முடிந்தது. உக்கிரபாண்டி வெளியே வந்து ஒரு சர்பத் குடித்துவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினார்.

26.06.2024. ஏலம் காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது தொகை கூட்டினால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். கூட்டக் கூட்ட நீண்டுகொண்டே போகும். பாண்டித்துரை வீட்டு முன்னறையில் ஊர் ஆட்கள் பத்துப் பேர் கூடியிருந்தோம். மடிக்கணினியின் முன் பாண்டித்துரை. பக்கத்தில் அவர் மனைவி கலைச்செல்வி. அவர் தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. உக்கிரபாண்டி சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் தொகைகளைக் குறித்துக்கொள்ளப் பேனாவோடு உட்கார்ந்தேன்.

பதினொன்றுக்குத் திரையில் 4,80,000 என்று வந்தது.

"மாமா கேட்டுட்டாருப்பா!" என்றார் பாண்டித்துரை. சிரிப்பு. அவர் 4,86,000 போட்டார். உங்கள் இடம் ஒன்று என்று திரை காட்டியது. அவர் கையை எடுப்பதற்குள் 4,92,000 என்று மாறி, உங்கள் இடம் இரண்டு என்றது.

சிரிப்பு நின்றது. யார் கேட்கிறார்கள் என்று அந்தத் திரை சொல்லாது. தொகை மட்டும்தான் தெரியும். எல்லோரும் உக்கிரபாண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னைய ஏம்ப்பா பாக்குறீக? நான் இங்கனதான இருக்கேன்!" என்று வெற்றிலைக் கையை விரித்துக் காட்டினார்.

அப்படியானால் மூன்றாவது ஆள். வெளியூர். பாண்டித்துரை மறுபடி போட்டார். மறுநொடியே பதில் வந்தது. மறுபடியும் அப்படியே. எங்கள் ஏலங்களில் எதிராளி யோசிப்பான், எச்சில் விழுங்குவான், பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்ப்பான். இவனுக்கு முகம் இல்லை, யோசனையும் இல்லை. ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் தாண்டியபோது பாண்டித்துரையின் கழுத்தில் வியர்வை இறங்கியது. 

ஆறு லட்சத்துக்கு மேல் போவதில்லை என்றுதான் ஊர்ப்பேச்சு. ஆறு லட்சத்தில் பாண்டித்துரை நிறுத்திக் கையைப் பிசைந்தார். அப்போது எழுந்தவர் உக்கிரபாண்டிதான்.

"விடாதீக மாப்ள! யோசிக்காமக் கேக்குறவன்கிட்ட ஒண்ணு பணம் நெறையக் கெடக்கணும், இல்ல அவன் பைத்தியமா இருக்கணும். பைத்தியம்னா சீக்கிரம் களைச்சுருவான். அமுக்குங்க!"

பாண்டித்துரை அமுக்கினார். அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. பன்னிரண்டு மணி நெருங்க நெருங்க, கோபத்தில் அவர் தொகையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். ஏலம் ஒருமுறை நீண்டது, மறுபடி நீண்டது. 7,14,000 போட்டார். 7,20,000 என்று பதில் வந்தது.

அந்த நேரத்தில் மின்சாரம் போயிற்று. மின்விசிறி நின்றது. மடிக்கணினி பேட்டரியிலும் கைப்பேசி இணையத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில், உக்கிரபாண்டியின் வேட்டி மடியில், வெற்றிலைப் பைக்குள்ளிருந்து 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நான் அவரைப் பார்த்தேன். கலைச்செல்வியும் பார்த்தார். "பெரியப்பா, அந்தப் போனைக் கொஞ்சம் குடுங்க" என்றார்.

பொத்தான் போன். உள்ளே ஆங்கிலத்தில் இருபதுக்கு மேற்பட்ட குறுஞ்செய்திகள். கலைச்செல்வி கடைசிச் செய்தியை முதலில் தமக்குள் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்: "உங்கள் ஏலத் தொகை ஏழு லட்சத்து இருபதாயிரம். நீங்கள் முதலிடத்தில் இருக்கிறீர்கள்."

உக்கிரபாண்டி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வாயிலிருந்த வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது, அவர் துடைக்கவில்லை. "நான் கேக்கல மாப்ள. ஆத்தா சத்தியமா நான் கேக்கல" என்றார். அந்தப் பெரிய குரல் காணாமல் போயிருந்தது.

கலைச்செல்வி நெய்னாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார்.

"அண்ணன்தானே ஒம்பது லட்சம்னாரு? எல்லார் முன்னாலயும் சொன்னாருங்க."

"அது சும்மா சொல்றதுடா தம்பி! ஏலத்துக்கு முன்னாடி அப்புடித்தான் சொல்லுவாக!" என்று உக்கிரபாண்டி தரையில் இருந்தபடியே கத்தினார்.

"யா அல்லா! அதை எங்கிட்டச் சொல்லியிருக்க வேணாமாண்ணே? கேட்டது கேட்டதுதான், திரும்ப எடுக்க முடியாது. இனிமே மேல ஏறாம வேணும்னா நிறுத்திடுறேன்."

நிறுத்திவிட்டார். இனி பாண்டித்துரை ஒரே ஒரு படி கூட்டி 7,26,000 போட்டால் மரம் அவருக்கு, உக்கிரபாண்டி தப்பித்துவிடுவார். மூன்று நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகமாக நேரம் இருந்தது. எல்லோரும் பாண்டித்துரையின் விரலைப் பார்த்தோம்.

"என்னங்க, ஒரு தடவ அமுக்குங்க" என்றார் கலைச்செல்வி.

பாண்டித்துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒம்பது லட்சம் வரைக்கும் விட மாட்டேன்னு ஊரறியச் சொன்ன பெரிய கை. அவுக எடுத்ததை நான் பறிக்கலாமா?" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார். திரையில் நேரம் குறைந்துகொண்டே வந்து தீர்ந்தது. ஒருதரம், இரண்டுதரம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

நான்காம் நாள் ஏலம் நடத்திய அரசு அலுவலகத்திலிருந்து ஓலை வந்தது. பதினைந்து நாளுக்குள் மீதி 6,72,000 ரூபாயையும், காப்புத்தொகை 36,000 ரூபாயையும் கட்ட வேண்டும். தவறினால் முன்பணம் பறிபோகும். மறு ஏலத்தில் தொகை எவ்வளவு குறைகிறதோ அதையும் அவரிடமே வசூலிப்பார்கள். தேவைப்பட்டால் அவர் நிலத்திலிருந்து. நான் இந்த வரியைப் படித்ததும் சோணையம்மாள், "இன்னொருக்காப் படிங்கண்ணே" என்றார். படித்தேன். மூன்றாம் முறை படிக்கச் சொல்லவில்லை.

அன்று மாலை பாண்டித்துரை வந்தார். "பணத்தக் கட்டாதீக மாமா. எம் முன்பணம் போனாப் போயிட்டுப் போகுது. மறு ஏலம் வரும், பழைய வெலைக்கு நான் எடுத்துக்கிறேன்."

"அந்தக் கொறையுற பணத்துக்கு எம் புஞ்சையில்ல போகும்?"

"அதெல்லாம் சும்மா எழுதுறதுதான். எந்த அதிகாரி வந்து ஒங்க மொளகாச் செடியப் புடுங்கப் போறான்?"

"நானும் சும்மா சொன்னதுதான் மாப்ள ஒம்பது லட்சம்" என்றார் உக்கிரபாண்டி.

பாண்டித்துரை போன பிறகு உக்கிரபாண்டி என்னிடம் சொன்னார்: "முப்பது வருசமாத் தோத்துக் குடுத்தேன்ணே. இப்ப எடுத்ததையும் தோத்துக் குடுக்கச் சொல்றாக." அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் மாட்டுக் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வார். உச்சிப்புளியில் மகள் வீட்டுக்குப் போய் இருந்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டார். சோணையம்மாள், "நீங்க போகலாம். புஞ்சை எங்கன போகும்?" என்றார்.

கடைசியில் கமுதிப் பக்கம் கரிமூட்டம் போடும் தனுஷ்கோடி என்ற வியாபாரியைப் பார்க்க உக்கிரபாண்டியும் நானும் போனோம். அவர் கண்மாய்க்கு வந்து, கரையைச் சுற்றி நடந்து, மரங்களைத் தட்டிப் பார்த்தார். விறகு தேறும் என்றார். அரசுக்குக் கட்ட வேண்டியதையும் வெட்டுக்கூலியையும் அவர் போடுவார். போட்ட முதல் முழுவதும் விறகாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் வருவது உக்கிரபாண்டிக்கு. கண்மாய்க்குத் தண்ணீர் வருவதற்குள் அத்தனை விறகும் கரையேறிவிட வேண்டும். ஏறாவிட்டால் புஞ்சை தனுஷ்கோடிக்கு.

"மழை எப்ப வரும்னு எனக்கு எப்புடிய்யா தெரியும்?" என்றார் உக்கிரபாண்டி.

"எனக்கும் தெரியாது. அதுக்குத்தான் பத்திரம்" என்றார் தனுஷ்கோடி.

கையெழுத்துப் போட்டார். 10.07.2024 அன்று பணம் கட்டினோம்.

ஆடி, ஆவணி, புரட்டாசி. தனுஷ்கோடியின் ஆட்கள் இயந்திர ரம்பத்தோடு வந்து வெட்டி, வேர்க்கட்டைகளையும் தோண்டி எடுத்தார்கள். எங்கள் ஊரில் மழைக்குப் பொங்கல் வைப்பார்கள். வானம் கறுத்தால் எல்லா முகமும் மலரும். அந்த ஆண்டு மேகத்தைக் கண்டு நடுங்கிய ஒரே ஆள் உக்கிரபாண்டி. கிழக்கே கடல் பக்கம் மின்னினால் கட்டிலை விட்டு எழுந்துவிடுவார். அய்யனார் கோயிலில் ஊரார் மழை கேட்டுக் கும்பிடும்போது அவரும் கைகூப்பி நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரம் ஒரு தூறல் விழுந்தது. பெரிய மழை இல்லை. ஆனால் கண்மாயின் உள்வாய், தண்ணீர் நிற்கும் பகுதி, சேறாகிவிட்டது, லாரி இறங்கவில்லை. வெட்டிய விறகில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே கிடந்தது. அதைக் கரைக்கு இழுக்க டிராக்டர் வேண்டும். ஊரில் இருப்பது ஒரே டிராக்டர், பாண்டித்துரையினுடையது. உக்கிரபாண்டி என்னையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"நடைக்கு ரெண்டாயிரம் மாமா" என்றார் பாண்டித்துரை. வழக்கமான வாடகை எண்ணூறு.

"ஆயிரம் தாரேன்."

"ஆயிரத்து எண்ணூறு. தெற்க பாருங்க, எப்புடிக் கருக்குதுன்னு."

உக்கிரபாண்டி பார்த்தார். "ஆயிரத்து நூறு."

"ஆயிரத்து அறுநூறு. அதுக்குக் கீழ வண்டி நகராது."

அப்போது உக்கிரபாண்டி தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டார். "போங்க மாப்ள, ஒங்க டிராக்டரும் நீங்களும்!" என்று பழைய குரலில் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நானும் பின்னால் நடந்தேன். அந்த வார்த்தை நடிப்பு என்பதை அந்த ஊரிலேயே நன்றாக அறிந்தவர் பாண்டித்துரைதான். எத்தனையோ ஏலத்தில் அதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தவர். ஆனால் இன்று அது நடிப்பா, நிஜமாகவே போகிறாரா என்று அவரால் சொல்ல முடியவில்லை. டிராக்டருக்கும் அந்த வாரம் வேறு வேலை இல்லை.

தெருமுனை வரை போயிருப்போம். உக்கிரபாண்டி உதட்டை அசைக்காமல் என்னிடம், "கூப்புடலேன்னா நான் செத்தேன்ணே" என்றார்.

"மாமா! ஏலே, யாராச்சும் அவுகளக் கூப்புடுங்கடா! சரி, ஆயிரத்து நூறே குடுங்க!"

அவர் உடனே திரும்பவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்ட பிறகுதான் திரும்பினார்.

டிராக்டர் நான்கு நாள் ஓடியது. கடைசி நடை கரையேறிய மறுநாள் பெருமழை பிடித்தது. 21.10.2024 அன்று கணக்கு முடித்தோம். தனுஷ்கோடியின் முதல் திரும்பியது. புஞ்சைப் பத்திரம் கைக்கு வந்தது. பாண்டித்துரையின் முன்பணம் 48,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தது போக, மிஞ்சியது முப்பத்தோராயிரத்து நானூறு. பாண்டித்துரை பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "அடுத்த தடவ ரெண்டாவது ஆளு யாரு மாமா?" என்று கேட்டார்.

"நீங்க இருங்க மாப்ள. வேட்டி துண்டு நான் எடுத்துத் தாரேன்."

ஆனாலும் பயம் போகவில்லை. காப்புத்தொகை 36,000 ரூபாய் இன்னும் அலுவலகத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும்: வேர்க்கட்டைகள் தோண்டப்பட்டிருக்க வேண்டும், கரை உடைந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு மழைக்கும் உக்கிரபாண்டி குடையோடு கரையைச் சுற்றி வந்தார். எங்காவது மண் சரிந்திருந்தால் சோணையம்மாளும் அவரும் கூடையில் மண் சுமந்து போட்டார்கள். மாசியில் அதிகாரிகள் வந்து, பார்த்து, எதுவும் சொல்லாமல் போனார்கள். அவர்கள் எதுவும் சொல்லாததே அவருக்குப் புதிய பயமாயிற்று. போனில் 'டிங்' என்று கேட்கும்போதெல்லாம் அதை என்னிடம் எடுத்து வருவார். பெரும்பாலும் ரீசார்ஜ் விளம்பரமாக இருக்கும்.

பங்குனியில் ஒரு பகல். மிளகாய்ப் பழம் காயப்போட்ட களத்தில் நாங்கள் மூவரும் இருந்தோம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டது. உக்கிரபாண்டி எழுந்து கொட்டகைப் பக்கம் இரண்டடி வைத்தார். பிறகு நின்றார். திரும்பி வந்து, மிளகாய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, தாமே கையெழுத்துப் போட்டு வாங்கினார். காப்புத்தொகை முழுவதும் விடுவிக்கப்படுகிறது, ஏலதாரர் மீது நிலுவை ஏதும் இல்லை என்று அதில் இருந்தது. "ஏலதாரருன்னா நானாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தின் மூலையில் நாள் குறித்துக் கொடுக்கச் சொன்னார். குறித்துக் கொடுத்தேன்: 17.03.2025.